வீட்டிலேயே இ.வி. சார்ஜர்: 3.3 கிலோவாட் போதுமா, 7.4 வேணுமா? எர்த் முதல் இ.பி. பில் வரை ஒரு முழு கைடு

எலெக்ட்ரிக் கார் புக் பண்ணியாச்சு. கலர் முடிவாகிடுச்சு, லோனும் கிடைச்சாச்சு. டெலிவரிக்கு ஒரு வாரம் முன்பு ஷோரூமில் இருந்து ஓர் எலெக்ட்ரீஷியன் வீட்டைப் பார்க்க வருகிறார். மீட்டர் போர்டைத் திறக்கிறார், டெஸ்டரை வைத்துப் பார்க்கிறார், சுற்றுமுற்றும் தேடுகிறார். பிறகு கேட்கிறார்: "சார், எர்த் எங்க சார் இருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் முழிப்பவர்களே அதிகம். கார் வாங்கும்போது ரேஞ்ச் எவ்வளவு, சன்ரூஃப் இருக்கா, டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்று பத்து யூடியூப் வீடியோ பார்ப்பவர்கள், அந்தக் கார் தினமும் ராத்திரி எந்த ஒயரில் தொங்கப்போகிறது என்பதை யோசிப்பதில்லை. பிறகு கார் வாசலில் நிற்கும், சார்ஜர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதைவிட மோசம், அவசரத்தில் தப்பான ஒயரிங்கில் சார்ஜரை மாட்டிவிட்டு, எதுவும் ஆகாது என்று நம்பிக்கொண்டு தூங்குவது.

எந்த சார்ஜர் வாங்குவது, வீட்டு லைன் தாங்குமா, அப்பார்ட்மென்ட்டில் என்ன செய்வது, பில் எவ்வளவு எகிறும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுவரில் மாட்டுவது உண்மையில் சார்ஜரே இல்லை!

ஆச்சரியமா இருக்கா? வீட்டுக்கு வருவது ஏ.சி. மின்சாரம். பேட்டரியில் சேமிக்க டி.சி. வேண்டும். இதை மாற்றித் தரும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் ஆன்போர்டு சார்ஜர். சுவரில் மாட்டும் பெட்டி, "கார் சரியாக இணைந்திருக்கிறதா, எர்த் இருக்கிறதா, எத்தனை ஆம்ப்ஸ் வரை இழுக்கலாம்" என்று காருடன் பேசி, பாதுகாப்பாக மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு புத்திசாலி ஸ்விட்ச், அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜரின் திறன் 3.3 கிலோவாட் என்றால், சுவரில் 22 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் கார் 3.3 கிலோவாட் வேகத்தில்தான் சார்ஜ் ஆகும். 2023-ல் அறிமுகமானபோது எம்.ஜி. காமெட் கார் 3.3 கிலோவாட் திறனோடுதான் வந்தது. டாடா டியாகோ இ.வி.யில் 3.3, 7.2 என இரண்டு தேர்வுகள் வேரியன்ட்டைப் பொறுத்துக் கொடுக்கப்பட்டன. எனவே சார்ஜர் கடைக்குப் போகும் முன், உங்கள் வேரியன்ட்டின் ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று பார்த்துவிடுங்கள்.

வேகம் எவ்வளவு இருந்தால் போதும்?

வீட்டில் கிடைக்கும் வழிகள் பெரும்பாலும் இரண்டுதான்.

ஒன்று, காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர். ஏ.சி., கெய்சருக்குப் போடும் 15 ஆம்ப்ஸ் பவர் பிளக்கில் செருகுவது. வேகம் சுமார் 3.3 கிலோவாட்.

இரண்டு, சுவரில் நிரந்தரமாக மாட்டும் வால்பாக்ஸ். 32 ஆம்ப்ஸ் இழுக்கும். 230 வோல்ட்டை 32-ஆல் பெருக்கினால் 7,360 வாட். அதனால்தான் இதை 7.2 அல்லது 7.4 கிலோவாட் என்கிறார்கள். மூன்று ஃபேஸில் இயங்கும் 11, 22 கிலோவாட் பெட்டிகளும் உண்டு. ஆனால், அதை ஏற்கும் கார் உங்களிடம் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

45 யூனிட் பேட்டரி உள்ள நெக்ஸான் இ.வி. போன்ற ஒரு காரை 10 சதவீதத்தில் இருந்து முழுசாக ஏற்ற 3.3 கிலோவாட்டில் 14 முதல் 15 மணி நேரம் ஆகும். 7.2 கிலோவாட்டில் 6 முதல் 7 மணி நேரம். இந்த இரண்டு எண்களைக் காட்டித்தான் "பெரிய சார்ஜர் வாங்குங்க" என்பார்கள்.

ஆனால், தினமும் யார் பேட்டரியைக் காலி பண்ணிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள்?

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆபீஸ் போய்வர ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர். ஒரு யூனிட்டுக்கு சுமார் 6 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் தேவை 7 யூனிட்டுக்கும் குறைவு. சாதாரண 15 ஆம்ப்ஸ் பிளக்கிலேயே இரண்டு மணி நேரத்தில் இது ஏறிவிடும். இரவு 10 முதல் காலை 6 வரை செருகி வைத்தால் 26 யூனிட், அதாவது 150 கிலோமீட்டருக்கு மேல்!

நகரத்துக்குள் ஓட்டும், வீட்டில் ஒரே ஒரு காரை வைத்திருக்கும் பலருக்கு ஒழுங்காகப் போடப்பட்ட ஒரு 15 ஆம்ப்ஸ் லைனே போதும்.

அப்போ 7.4 கிலோவாட் யாருக்கு?

தினமும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர்கள், வீட்டில் இரண்டு எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள், ராத்திரி லேட்டாக வந்து விடியற்காலை கிளம்புபவர்கள், பகலில் சோலார் மின்சாரம் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் ஏற்ற நினைப்பவர்கள். இவர்களுக்கு வால்பாக்ஸ் நிச்சயம் உதவும். தவிர, வால்பாக்ஸின் லைன் அதற்கென்றே தனியாகப் போடப்படுவது. தினமும் பிளக்கைச் செருகி உருவுவதால் வரும் தேய்மானமும் இல்லை.

காரோடு வால்பாக்ஸும் சேர்ந்தே வருகிறது என்றால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால், அதை மாட்ட உங்கள் வீட்டு இணைப்பு தயாரா என்பதுதான் அடுத்த கேள்வி.

வீட்டு லைன் தாங்குமா?

சிங்கிள் ஃபேஸ் வீடு. மெயின் 32 ஆம்ப்ஸ். ராத்திரி ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஓடுகிறது: சுமார் 7 ஆம்ப்ஸ். யாரோ கெய்சர் போடுகிறார்கள்: 9 ஆம்ப்ஸ். கார் செருகப்பட்டிருக்கிறது: 14, 15 ஆம்ப்ஸ். மொத்தம் 31. இதோடு ஃப்ரிட்ஜ் கம்ப்ரெஸரும் ஓடத் தொடங்கினால் மெயின் விழும். விழுந்தால்கூடப் பரவாயில்லை. விழாமல் ஒயர் சூடாகிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து.

இந்த வீட்டில் 7.4 கிலோவாட் வால்பாக்ஸ் மாட்டினால், அது மட்டுமே 32 ஆம்ப்ஸையும் எடுத்துக்கொள்ளும். எனவே வால்பாக்ஸ் என்றால் நடைமுறையில் த்ரீ ஃபேஸ் இணைப்பும், அதற்கேற்ற மின்பளுவும் தேவை.

"எங்க வீட்டுல த்ரீ ஃபேஸ் இருக்கே" என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 7.4 கிலோவாட் பெட்டி மூன்று ஃபேஸிலும் பிரித்து இழுக்காது. ஒரே ஃபேஸில் 32 ஆம்ப்ஸ் இழுக்கும். அதே ஃபேஸில் ஏற்கெனவே இரண்டு ஏ.சி. இருந்தால் அங்கேயும் சிக்கல்தான். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, லோடு குறைவாக உள்ள ஃபேஸில் சார்ஜரைக் கொடுக்கச் சொல்லுங்கள். சில வால்பாக்ஸ்களில் வீட்டின் மொத்த லோடைப் பார்த்து, சார்ஜிங் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. லோடு நெருக்கடி உள்ள வீடுகளுக்கு இது ரொம்பவே பயன்படும்.

உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்பது இ.பி. கணக்கு விவரத்தில் இருக்கும். அது போதாது என்றால், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளம் வழியாகக் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்கலாம். "யாரு பார்க்கப்போறா" என்று விட்டுவிட்டால், பின்னாளில் ஆய்வில் தெரியவந்து நோட்டீஸ் வரலாம். அதைவிட முக்கியம், உங்கள் தெருவின் டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்த லோடு கணக்கிலேயே இருக்காது.

எர்த்: இது வசதி விஷயம் இல்லை, உயிர் விஷயம்

எலெக்ட்ரிக் கார் சார்ஜர்கள் எர்த் விஷயத்தில் கறாரானவை. எர்த் இல்லை, அல்லது சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் பல வருஷமாக எர்த் இல்லாமலேயே ஓடிய வீடுகளில், கார் வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

அப்போது சில எலெக்ட்ரீஷியன்கள் ஒரு "ஷார்ட்கட்" சொல்வார்கள். சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. உடனே சிவப்பு விளக்கு பச்சை ஆகும், கார் சார்ஜ் ஏறும். எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தோன்றும்.

தயவுசெய்து இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மழைக்காலத்தில் எங்கேயோ நியூட்ரல் ஒயர் அறுந்தால், அந்த ஒரு துண்டு ஒயர் வழியாகக் காரின் இரும்பு பாடியில் 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுவது உங்கள் வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். கசிவு மின்சாரம் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால், உயிர் காக்க வைத்திருக்கும் ஆர்.சி.சி.பி.யும் சில நேரம் ஏமாந்துபோகும். சார்ஜர் காட்டிய சிவப்பு விளக்கு ஓர் எச்சரிக்கை. அதை அணைத்துவிட்டதால் ஆபத்து போய்விடாது.

சரியான வழி, தனியாக ஓர் எர்த் குழி போடுவதுதான். போட்டு முடித்ததும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். எர்த் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம்-க்குக் கீழே இருப்பது நல்லது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணம் கேளுங்கள். மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும். எனவே ஏப்ரல், மே மாதங்களில் குழியில் தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். "போன மாசம் வரைக்கும் நல்லா சார்ஜ் ஆச்சு, வெயில் ஆரம்பிச்சதும் எரர் காட்டுது" என்ற புகாருக்குக் காரணம் பல நேரம் இதுவாகத்தான் இருக்கும்.

ஒயர், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி.: எது எவ்வளவு?

கெய்சர் பத்து நிமிஷம் ஓடி நிற்கும். கார் எட்டு மணி நேரம் முழு லோடில் இழுக்கும். இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஏற்கெனவே ஏ.சி. ஓடும் பழைய லைனிலோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ காரைச் செருகினால், பிளக் உருகி ஒட்டிக்கொள்ள ஒரு ராத்திரி போதும்.

* 15 ஆம்ப்ஸ் லைனுக்கு: மெயின் போர்டில் இருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. காப்பர் ஒயர், 20 ஆம்ப்ஸ் எம்.சி.பி. சாக்கெட் தரமானதாக, மழைச்சாரல் புகாத மூடியோடு இருக்க வேண்டும்.

* 7.4 கிலோவாட் வால்பாக்ஸுக்கு: குறைந்தது 6 சதுர மி.மீ. காப்பர், 40 ஆம்ப்ஸ் எம்.சி.பி. போர்டில் இருந்து பார்க்கிங் வரை தூரம் அதிகம் என்றால் 10 சதுர மி.மீ. 30 மீட்டர் தூரத்தில் 6 சதுர மி.மீ. ஒயர் கிட்டத்தட்ட 6 வோல்ட்டைத் தின்றுவிடும், 10 சதுர மி.மீ. போட்டால் அது 3.5 வோல்ட்டாகக் குறையும்.

* ஆர்.சி.சி.பி.: 30 மில்லி ஆம்ப்ஸ் கசிவிலேயே லைனைத் துண்டிப்பது அவசியம். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் இருப்பது "டைப் ஏ.சி." ரகம். காரில் இருந்து டி.சி. கசிவு வந்தால் இது செயலிழந்துபோகலாம். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்ப்ஸ் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால், வெளியே "டைப் ஏ" போதும். இல்லையென்றால் "டைப் பி" தேவை. இதைச் சார்ஜரின் கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

* இன்வெர்ட்டர்: கார் லைன் எந்தக் காரணத்துக்காகவும் இன்வெர்ட்டர் இணைப்பில் வரக் கூடாது.

எங்கே மாட்டுவது? டிசம்பரை நினைத்துப் பாருங்கள்

சார்ஜர் பெட்டி மழை, தூசி தாங்கும் என்பதற்கு ஐ.பி. ரேட்டிங் என்று ஒன்று உண்டு. திறந்த வெளியில் மாட்டுவதென்றால் ஐ.பி. 65 போன்ற ரேட்டிங் இருப்பது நல்லது. ஆனால், எந்த ரேட்டிங்கும் வெள்ளத்தில் மூழ்குவதற்கான உத்தரவாதம் இல்லை.

2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் ஏரியாவில் கடைசியாக எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். அதற்கு மேலே சார்ஜரை மாட்டுங்கள். சார்ஜர் லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி., தண்ணீரில் இறங்காமலேயே அணைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் ஏறத் தொடங்கினால் முதல் வேலை அதை ஆஃப் பண்ணுவதுதான், காரை நகர்த்துவது அப்புறம்.

இ.பி. பில் எவ்வளவு எகிறும்?

மாதம் 25 நாள், தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் சுமார் 330 யூனிட் கூடும்.

இங்கேதான் ஸ்லாப் கணக்கு வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன் பிறகு பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் கூடும். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு, 500 யூனிட்டுக்கு மேல் போனால் ஒரு யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். ஆக, கார் பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லின் விலை உயர்ந்த ஸ்லாபில்தான் போய் உட்காரும். "யூனிட் 5 ரூபாய்தானே" என்று ஷோரூமில் போட்டுக் காட்டும் கணக்கு பலருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

ஆனாலும் பயப்பட வேண்டாம். யூனிட் 12 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 330 யூனிட்டுக்கு 3,960 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் அதே 2,000 கிலோமீட்டருக்கு 133 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 13,300 ரூபாய்.

காருக்கென்றே தனி மின் இணைப்பு வாங்கவும் வழி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள், இ.வி. சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு கேட்கும் உரிமையைத் தருகின்றன. அதற்கு முன்பே, 2022 ஜனவரியில் வெளியான மத்திய மின்துறை வழிகாட்டுதல், வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே தனி இணைப்பு கட்டாயம் இல்லை. ஏற்கெனவே 1,000 யூனிட்டைத் தொடும் பெரிய குடும்பம் என்றால், தனி இணைப்பின் யூனிட் விலை, நிரந்தரக் கட்டணம் இரண்டையும் இ.பி. பிரிவு அலுவலகத்தில் கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

இன்னொரு விஷயம், நேரம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடை இரவுகளில் தெருவே ஏ.சி. போட்டிருக்கும்போது வோல்டேஜ் குறைந்து சார்ஜிங் அடிக்கடி நின்றுபோகலாம். கார் ஆப்பிலேயே நள்ளிரவுக்குப் பிறகு ஆரம்பிக்கும்படி டைமர் வைத்துவிட்டால் உங்களுக்கும் நல்லது, டிரான்ஸ்ஃபார்மருக்கும் நல்லது.

அப்பார்ட்மென்ட்டில் இருக்கிறீர்களா?

ஒரு நல்ல விஷயம். நம்ம ஊரின் பெரும்பாலான சிறிய அப்பார்ட்மென்ட்களில் எல்லா வீட்டு மீட்டரும் தரைத்தளத்தில், பார்க்கிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். எனவே உங்கள் மீட்டரில் இருந்தே தனி எம்.சி.பி. போட்டு, பைப்பில் ஒயர் இழுத்து, உங்கள் பார்க்கிங் வரை கொண்டுவந்துவிடலாம். பில் உங்கள் பெயரிலேயே வரும், யாருக்கும் மனக்குறை இருக்காது.

பிரச்சினை வருவது, சிலர் பார்க்கிங்கில் இருக்கும் பொது சாக்கெட்டில் காரைச் செருகும்போது. அது எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பில். அங்கே ஆரம்பிக்கும் சண்டைதான் பிறகு "இங்க இ.வி.யே வேண்டாம்" என்ற தீர்மானம் வரை போகிறது.

அசோசியேஷனிடம் வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் கொடுங்கள். எந்த மீட்டரில் இருந்து எடுக்கிறீர்கள், ஒயர் எந்த வழியாகப் போகும், என்ன பாதுகாப்புக் கருவிகள் இருக்கும், வேலையைச் செய்யப்போகும் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் யார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு படமும் வரைந்து இணையுங்கள். கமிட்டியில் இருக்கும் மூத்தவர்களின் பயம் பெரும்பாலும் தீ விபத்து பற்றியது. அந்தப் பயம் நியாயமானதும்கூட. "ரூல்ஸ் இருக்கு சார்" என்று ஆரம்பிப்பதைவிட, ஆர்.சி.சி.பி.யைக் காட்டி விளக்குவது வேலைக்கு ஆகும்.

இரண்டாவது கார், மூன்றாவது கார் வரும்போது என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடுவது புத்திசாலித்தனம். 2019-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மாதிரி கட்டட விதிகள், புதிய கட்டடங்களில் 20 சதவீத வாகனங்களுக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்கின்றன. புது ஃபிளாட் வாங்குபவர்கள் பில்டரிடம் இதைக் கேட்கலாம்.

வாடகை வீடு என்றால்?

ஹவுஸ் ஓனர் சம்மதத்தோடு, உங்கள் செலவில் ஒரு 15 ஆம்ப்ஸ் லைனும் எர்த்தும் போட்டுக்கொள்வது போதும். காலி செய்யும்போது போர்ட்டபிள் சார்ஜரை எடுத்துக்கொண்டு போய்விடலாம். "அடுத்து வர்றவங்களுக்கும் இது யூஸ் ஆகும் சார்" என்று சொல்லிப் பாருங்கள்.

காசு கொடுக்கும் முன் டிக் செய்ய வேண்டியவை

1. காரின் ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட்?
2. சார்ஜர் "டைப் 2" கனெக்டர் உள்ளதா? இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 17017-க்கு உட்பட்டதா?
3. வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா?
4. கொட்டேஷனில் ஒயர் அளவு, பிராண்டு, நீளம், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ரகம், எர்த் குழி எல்லாம் தனித்தனியாக எழுதப்பட்டுள்ளதா? இலவச இன்ஸ்டலேஷன் என்றால் எத்தனை மீட்டர் ஒயர் வரை இலவசம்?
5. வேலை முடிந்ததும் எர்த் அளவையும், ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனையும் கண்ணெதிரே சோதித்துக் காட்டினார்களா?
6. முதல் நாள் ஒரு மணி நேரம் சார்ஜ் ஆன பிறகு பிளக்கையும் சாக்கெட்டையும் தொட்டுப் பார்த்தீர்களா? லேசான சூடு இயல்பு. கை வைக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு பங்க்கைக் கொண்டுவந்துவிட்டால், அந்த வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். எனவே அடுத்த முறை எலெக்ட்ரீஷியன் "எர்த் எங்க சார் இருக்கு?" என்று கேட்டால், கை நீட்டிக் காட்ட ஓர் இடம் இருக்கட்டும்.